பெட்டி திரும்பிப் போகாத ஊர்

சின்ன வயசுல எங்க ஊர் தியேட்டருக்குப் படம் எப்படி வரும்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மத்தியானம் பஸ் டாப்புல ஒரு தகரப் பெட்டி வரும். சைக்கிள் கேரியர்ல கட்டி எடுத்துட்டுப் போவாங்க. பெட்டி வந்தாச்சுன்னா அன்னிக்கு ஷோ உண்டு. வரலைன்னா கேட்டுக்கு வெளிய நின்னு கத்திட்டு வீட்டுக்குப் போகணும். பக்கத்து வீட்டு ஆபரேட்டர் மாமா எப்பவாவது அறுந்த ஃபிலிம் துண்டு ரெண்டு குடுப்பார். அதை வெயில்ல கண்ணாடி காட்டி சுவத்துல படம் ஓட்டுறதுதான் எங்க கம்பெனியின் முதல் தயாரிப்பு.

"மாமா, ஓடி முடிஞ்ச படத்தை எல்லாம் எங்க வச்சிருப்பீங்க?"ன்னு ஒருதடவை கேட்டேன். "இங்க எங்கடா வைக்கிறது மாப்ள, பெட்டி திரும்பிப் போயிடும்ல"ன்னார். அப்போ அது எனக்கு ஒரு பெரிய தகவலாத் தெரியல.

சரி, கொசுவர்த்தியை நிறுத்திட்டு மேட்டருக்கு வர்றேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ராத்திரி ஆபிஸ்ல ரிலீஸ். ஸ்கிரிப்ட்டைத் தட்டிவிட்டுட்டு அது ஓடி முடியுற வரைக்கும் கொட்டாவி விட்டுட்டு உட்கார்ந்திருக்கிற வேலை. ஆணி புடுங்குறதுலயே இதுதான் ரொம்பக் கொடுமை, ஆணியும் இருக்காது, தூங்கவும் முடியாது. அப்பத்தான் பில் மாரிசன்னு ஒருத்தர் 2016ல எடுத்த 'டாசன் சிட்டி: ஃப்ரோசன் டைம்'ங்கிற டாகுமெண்டரியைப் போட்டேன். ரெண்டு மணி நேரம், பேச்சே கிடையாதுன்னு சொல்லலாம், எழுத்தும் இசையும்தான். ஸ்கிரிப்ட் முடிஞ்சு அரை மணி நேரம் ஆனதைக்கூட கவனிக்கல.

அந்தப் படத்துல வர்ற கட்டடத்தின் கதைதான் இது. அன்னிலேர்ந்து கண்ணுல பட்டதை எல்லாம் தேடித் தேடிப் படிச்சு, கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்கதான் பாக்கி.

கனடாவின் வடமேற்கு மூலையில யூகான்னு ஒரு பிரதேசம். அதுல யூகான் ஆறும் க்ளாண்டைக் ஆறும் சேர்ற இடம். ட்ரான்டெக் ஹ்வெச்சின் என்ற பழங்குடி மக்கள் காலங்காலமா சால்மன் மீன் பிடிச்ச கரை அது. 1896 ஆகஸ்ட்ல பக்கத்து ஓடை ஒண்ணுல தங்கம் கிடைச்சது. 1897 ஜூலையில அந்தத் தங்கத்தோட சியாட்டிலிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் ரெண்டு கப்பல் வந்து நின்னதும் ஊரே பித்துப் பிடிச்சுக் கிளம்பிடுச்சு. ஏறக்குறைய 1 லட்சம் பேர் கிளம்பினதாச் சொல்றாங்க. போய்ச் சேர்ந்தவங்க அதுல பாதிகூட இல்ல. ஆனாலும் 1898ல டாசன் சிட்டியின் ஜனத்தொகை 30,000ஐ எட்டிடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி சதுப்பு நிலமா இருந்த இடம்! மீன் பிடிச்சிட்டிருந்த மக்களை அவங்க தலைவர் ஐசக் கொஞ்ச தூரம் தள்ளி மூஸ்ஹைடுங்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். தங்க வேட்டைக் கதையைச் சொல்ற பலர் இந்த வரியை மட்டும் தாண்டிடுவாங்க.

தங்கம் தேடுறவன் கையில காசு இருக்கும், ராத்திரி போறதுக்கு இடம் இருக்காது. அதனால டாசன்ல சாலூன், நாட்டியக் கொட்டகை, நாடக தியேட்டர்னு முளைச்சது. இங்க சுத்தின ஆட்களின் பட்டியல் இருக்கே, நம்பவே முடியாது. பேப்பர் வித்துட்டிருந்த பையன் சிட் க்ரௌமன்தான் பின்னாடி 1927ல ஹாலிவுட்டில் சைனீஸ் தியேட்டரைக் கட்டினவர் (நடிகர்கள் சிமெண்டுல கை, கால் பதிக்கிறாங்களே, அதே தியேட்டர்). சாலூன்ல எடுபிடி வேலை பார்த்த அலெக்சாண்டர் பான்டஜஸ் இங்க ஆர்ஃபியம் தியேட்டரை எடுத்து நடத்தி, அப்புறம் அமெரிக்க மேற்குக் கரை முழுக்க தியேட்டர் வச்சவர். அவருக்குப் பணம் குடுத்து உதவின நாட்டியக்காரி கேட் ராக்வெல்லைக் கழட்டி விட்டுட்டு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார்ங்கிறது தனிக்கதை. அந்தம்மா கோர்ட்டுக்கே போச்சு.

1899ல அலாஸ்காவில் நோம் என்ற இடத்துல தங்கம்னு சேதி வந்ததும், வந்த வேகத்துல கூட்டம் கிளம்பிடுச்சு. 1902ல டாசன்ல மிஞ்சினது 5,000க்கும் குறைவு. ஐடி கம்பெனி காலி பண்ணிட்டுப் போன ரோட்டுல டீக்கடைக்காரர் எப்படி உட்கார்ந்திருப்பாரோ, அப்படி.

மிஞ்சினவங்க குடும்பம் குட்டியோட இருக்கிறவங்க. அவங்களுக்காக அதே 1902ல கட்டின கட்டடம்தான் நம்ம ஹீரோ. டாசன் அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன், சுருக்கமா டிஏஏஏ. உள்ள நீச்சல் குளம், பனிச்சறுக்குத் தளம், மத்த விளையாட்டு எல்லாம் உண்டு. கொஞ்ச வருஷத்துல சினிமாவும் அங்கயே ஓட ஆரம்பிச்சுது.

இனிமே விநியோகக் கணக்குக்கு வரணும். நம்ம ஊர்ல ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர்னு சொல்வோம் இல்லையா? டாசன் சி-க்கும் கீழ. ஒரு படம் அமெரிக்கா முழுக்க ஓடி, கீறல் விழுந்து, கனடா முழுக்க ஓடி, கடைசியா ஸ்டீமர் ஏறி யூகான் ஆத்து வழியா டாசன் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு வருஷம் ஆயிடும். வருஷத்துல பாதிக்கும் மேல ஆறே உறைஞ்சு கிடக்கும். படம் பழசோ புதுசோ, ஊர்க்காரங்க பார்த்தாங்க. -40 டிகிரி குளிர்ல வேற என்னதான் பண்றது?

ஓடி முடிஞ்சதும் பெட்டி திரும்பிப் போகணுமே? போகல. விநியோகஸ்தர்களுக்குத் திரும்ப அனுப்புற கூலி கட்டுப்படியாகல. இவ்வளவு தேய்ஞ்ச பிரிண்டை வாங்கி நான் என்ன செய்யப் போறேன், நீயே வச்சுக்கோன்னுட்டாங்க. உள்ளூர்ல அவங்களோட ஏஜெண்ட் ஒரு வங்கி: கனடியன் பாங்க் ஆஃப் காமர்ஸின் டாசன் கிளை. வங்கிக்காரங்க ரீல்களை ஊர் கார்னெகி நூலகத்தின் அடித்தளத்துல அடுக்க ஆரம்பிச்சாங்க. வருஷம் ஆக ஆக மலையா ஏறிடுச்சு.

இதுல இருக்கிற ஆபத்து புரியணும்னா கெமிஸ்ட்ரி கொஞ்சம் வேணும். (பயப்படாதீங்க, நானே அரியர் வச்சவன்.) அந்தக் காலத்து ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் வச்சுப் பண்றது. துப்பாக்கிப் பஞ்சுன்னு ஒரு வெடிமருந்து இருக்கே, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பிடிச்சா எரியும், எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கும். அதனால தண்ணிக்குள்ள போட்டாலும் அணையாது. எரியலைன்னாலும் சும்மா இருக்காது. சூடும் ஈரமும் பட்டா பிசுபிசுன்னு ஆகி, தேன் மாதிரி ஒழுகி, கடைசியில பழுப்புப் பொடியாப் போயிடும். நைட்ரேட் ஃபிலிம் தயாரிப்பு 1950களின் ஆரம்பத்துல நின்னதுக்குக் காரணமே இதுதான்.

அப்படிப்பட்ட சரக்கு, புத்தகங்களுக்குக் கீழ, மர வீடுகள் நிறைஞ்ச ஊர்ல. கொஞ்சத்தை யூகான் ஆத்துல தள்ளினாங்க. கொஞ்சத்தைக் கொளுத்தினாங்க. அப்பவும் தீரல.

1929. வங்கியில வேலை பார்த்த க்ளிஃபர்ட் தாம்சன் என்பவர் ஊர் ஹாக்கி சங்கத்துக்கும் பொருளாளர். அவருக்கு ரெண்டு தலைவலி. ஒண்ணு, இந்த ரீல்கள். இன்னொண்ணு டிஏஏஏ நீச்சல் குளம். குளிர்காலத்துல அந்தக் குளத்தை மூடி, மேல தண்ணி ஊத்தி உறைய வச்சு ஐஸ் ஹாக்கி ஆடுவாங்க. கீழ குளம் இருக்கிற இடத்துல வெப்பநிலை வேற மாதிரி இருக்கிறதால நடுவுல ஐஸ் சமமா நிக்கல. பந்தயம் நடுவுல மேடு தட்டினா எப்படி? குளத்தை மொத்தமா தூர்த்துடலாம்னு முடிவாச்சு. தூர்க்க என்ன போடுறது?

ஆமாம், அதேதான். ஒரு பக் ஃபிக்ஸ்ல ரெண்டு டிக்கெட் க்ளோஸ். ரீல்களை வண்டி வண்டியா கொண்டுவந்து குளத்துல கொட்டி, மேல பலகையும் மண்ணும் போட்டு மூடிட்டாங்க. ஐஸ் சமமாச்சு. அந்த ஆளை நான் திட்டப் போறதில்ல. அவர் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். சத்தம் இல்லாத பழைய படம், அதுவும் பேசும்படம் வந்துட்ட சமயத்துல, யாருக்கு வேணும்?

அப்புறம் கொஞ்ச காலம் பசங்களுக்கு ஒரு விளையாட்டு கிடைச்சது. ஐஸ்ல இருந்து அங்கங்க ஃபிலிம் நுனி நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குத் தீக்குச்சி வச்சா சர்ருன்னு எரியும். குளத்துக்குள்ள என்ன இருக்குன்னு அந்தப் பசங்களுக்காவது தெரிஞ்சிருக்கு. டிஏஏஏ கட்டடமும் பின்னாடி தீப்பிடிச்சுப் போச்சு. 1950களின் ஆரம்பத்துல யூகானின் தலைநகர் அந்தஸ்தும் ஒயிட்ஹார்ஸுக்குப் போயிடுச்சு. டாசன்ல மிஞ்சினது சில நூறு பேர். மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு கேக்கிறதுக்குக்கூட ஆள் இல்ல.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல். இதே ஊர்ல ஒரு பழைய மர வீட்டுச் சுவருக்குள்ள கட்டுக் கட்டா கண்ணாடித் தகடுகள் கிடைச்சிருக்கு. தங்க வேட்டையைப் படம் பிடிச்ச எரிக் ஹெக் என்ற போட்டோகிராஃபரோட நெகட்டிவ்கள். எடுத்தவங்களுக்கு அதோட அருமை தெரியாது. மேல இருக்கிற கருப்பைச் சுரண்டிட்டுச் செடி வளர்க்கிற கண்ணாடிக் கூண்டு கட்டலாம்னு யோசனை. கருப்பை எப்படி எடுக்கிறதுன்னு விசாரிச்ச ஆள் விவரமானவரா இருந்ததால, வேற கண்ணாடி குடுத்து இதை வாங்கிக் காப்பாத்தினார். தங்கம் தேடி மலையேறின அந்த எறும்புச் சாரி போட்டோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்ப கத்திரிக்காய்ச் செடிதான் ஞாபகம் வருது.

1978. டயமண்ட் டூத் கெர்ட்டீஸ்னு ஒரு சூதாட்ட விடுதிக்குப் பின்னாடி, பழைய டிஏஏஏ இருந்த இடத்துல புதுசா பொழுதுபோக்கு மையம் கட்டத் தோண்டுறாங்க. மண்வெட்டி இயந்திரத்தை ஓட்டினவர் ஃப்ராங்க் பாரெட். அவர் ஊர் கவுன்சிலர், பெந்தகொஸ்தே சபை போதகரும்கூட. (சின்ன ஊர்ல ஒரே ஆள் மூணு வேலை பார்க்கிறது உலகம் பூரா ஒண்ணுதான்.) மண்ணோட சேர்ந்து ஃபிலிம் சுருள் சுருளா வருது. வேற ஒருத்தரா இருந்தா லாரில அள்ளிப் போட்டுட்டு வேலையைப் பார்த்திருப்பாங்க. இவர் நிறுத்தினார்.

பார்க்ஸ் கனடாவின் மைக்கேல் கேட்ஸ் வந்து பார்த்தார், ஒட்டாவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தின் சாம் கூலாவுக்குத் தகவல் போச்சு. டாசன் அருங்காட்சியகத்தின் இயக்குநர் கேத்தி ஜோன்ஸ் ஆட்களோட இறங்கித் தோண்டினார். மண், சேறு, துருப்பிடிச்ச டப்பா, அதுக்குள்ள ஃபிலிம். (தோண்டின இடத்துல மைக்கேலுக்கும் கேத்திக்கும் பழக்கமாகி அப்புறம் கல்யாணமும் ஆச்சு. தங்கம் கிடைக்காத ஊர்ல இதாவது கிடைச்சதே :-) )

எப்படி 49 வருஷம் தாங்குச்சு? காரணம் தரைக்கு அடியில. டாசன் இருக்கிறது நிரந்தரமா உறைஞ்ச மண் மேல. அந்த மண்ணாலயே ஊர்க்காரங்களுக்கு ஓயாத தொல்லை. வீட்டுக்குள்ள அடுப்பு எரிஞ்சா கீழ மண் இளகும், வீடு சாயும். அப்படி ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு நிக்கிற பழைய கட்டடங்களுக்கு 'முத்தமிடும் கட்டடங்கள்'னு பேர் வச்சு டூரிஸ்டுகளுக்குக் காட்டுறாங்க. வீட்டைச் சாய்ச்ச அதே மண், நைட்ரேட்டை மட்டும் ஃப்ரீசர்ல வச்ச மாதிரி காப்பாத்திடுச்சு. ஒழுங்கா பெட்டகம் கட்டி வச்சவங்க கதி என்னன்னு பாருங்க: 1937ல நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கம்பெனியின் ஃபிலிம் கிடங்கு தீப்பிடிச்சு, அவங்களோட பேசாப்படங்கள்ல பெரும்பகுதி ஒரே ராத்திரியில போச்சு.

கிண்டல் என்னன்னா, டாசன் ரீல்களுக்குச் சேதமே வெளிய வந்த பிறகுதான் அதிகம். உறைஞ்சது இளகினதும் ஓரங்கள்ல தண்ணி ஏறி, படத்தை அரிச்சிடுச்சு. மாரிசன் படத்துல பார்த்தா ரெண்டு பக்கமும் வெள்ளைத் தீ நாக்கு மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும், நடுவுல ஒரு பொண்ணு சிரிப்பா. முதல்ல அது ஏதோ எஃபெக்ட்னு நினைச்சேன்.

சீக்கிரம் ஒட்டாவா போகணும். ஆனா வெடிமருந்தோட தம்பியை எந்த வண்டிக்காரன் ஏத்துவான்? யாரும் மாட்டேன்னுட்டாங்க. கடைசியில கனடா ராணுவத்தின் ஹெர்குலிஸ் விமானம் வந்து தூக்கிட்டுப் போச்சு. திரும்பிப் போகிற கூலி கட்டுப்படியாகலைன்னு கைவிட்ட பெட்டி, அரசாங்கச் செலவுல ராணுவ விமானத்துல திரும்பிப் போச்சு!

கணக்கெடுத்தப்போ 533 ரீல், 372 தலைப்பு. அமெரிக்கப் படங்கள் வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்துக்கும், மத்தது ஒட்டாவாவுக்கும். வேற எங்கயும் பிரிண்ட் இல்லாம மொத்தமா தொலைஞ்சதா நினைச்சிருந்த படங்கள் நிறைய. கோல்ட்வின் கம்பெனியின் முதல் படமான 'பாலி ஆஃப் தி சர்க்கஸ்' (1917) இதுல ஒண்ணு. 2013ல காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வுப்படி, 1912லேர்ந்து 1929 வரை வந்த கிட்டத்தட்ட 11,000 அமெரிக்க பேசாப்படங்கள்ல மூல வடிவத்துல முழுசா மிஞ்சினது 14 சதவீதம்தான். அந்தக் கணக்கை வச்சுப் பார்த்தா ஒரு ஊர் நீச்சல் குளம் எவ்வளவு பெரிய புதையல்னு தெரியும்.

எனக்குப் பிடிச்சது நியூஸ் ரீல்கள்தான். அதுல 1919 பேஸ்பால் உலகத் தொடர் இருக்கு. சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் 8 பேர் சூதாடிகள்கிட்ட காசு வாங்கிட்டு சின்சினாட்டிகிட்ட வேணும்னே தோத்ததா குற்றச்சாட்டு. 1921ல ஜூரி விடுதலை பண்ணியும் 8 பேருக்கும் ஆயுள் தடை. 2000ல நம்ம கிரிக்கெட்டை உலுக்கின மேட்ச் ஃபிக்ஸிங்குக்கு எல்லாம் தாத்தா இது. அந்தத் தொடரின் காட்சிகள் டாசன் ரீல்ல இருந்து, ஆனா அதை மாரிசன் கண்டுபிடிச்சு வெளிய வந்தது 2014ல. அதாவது தோண்டி எடுத்து 36 வருஷம் ஆவணக் காப்பகத்து அலமாரியில இருந்தும் யார் கண்ணுலயும் சரியாப் படல. மண்ணுல புதையுறது ஒரு வகைன்னா கேட்டலாக்ல புதையுறது இன்னொரு வகை. எங்க ஆபிஸ் சர்வர்ல பழைய ஃபோல்டர்களைப் பார்த்தவங்களுக்கு இது புதுசில்ல.

தோண்டின அடுத்த வருஷம், 1979ல, சில படங்களை டாசன்லயே திரும்பப் போட்டுக் காட்டினாங்க. காட்டின இடம் பேலஸ் க்ராண்ட் தியேட்டர். 1899ல சார்லி மெடோஸ்னு ஒரு துப்பாக்கி வித்தைக்காரர் கட்டினது. இடிஞ்சு விழுற நிலைமைக்கு வந்து, 1960களின் ஆரம்பத்துல அரசாங்கம் பிரிச்சுப் போட்டு அதே மாதிரி திரும்பக் கட்டினது. பழசு மாதிரி தெரியுற புதுக் கட்டடத்துல, காணாமப் போன கட்டடத்துக்கு அடியில கிடைச்ச படம்.

இதை எல்லாம் படிச்சுட்டு நம்ம பக்கம் யோசிச்சா வயித்தைக் கலக்குது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் 'கீசக வதம்', 1910களின் பிற்பாதியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஆர். நடராஜ முதலியார் எடுத்தது. மோட்டார் உதிரி பாக வியாபாரம் பண்ணிட்டிருந்த மனுஷன், கேமரா பிடிக்கக் கத்துக்கிட்டு எடுத்த படம். ஒரு அடி ஃபிலிம்கூட இல்ல. அவர் எடுத்த வேற எந்தப் படமும் இல்ல. 1931ல வந்த முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்', அதுவும் இல்ல. ஃபிலிம்ல இருக்கிற வெள்ளியை எடுக்கிறதுக்காகவே பழைய பிரிண்டுகளை எடைக்கு வித்த காலம் அது. காப்பாத்தி வச்சதும் முழுசாத் தப்பல. 2003 ஜனவரியில புனேயில் நைட்ரேட் கிடங்கு தீப்பிடிச்சப்போ ஆயிரக்கணக்கான ரீல் போச்சு. நம்ம மண்ணும் உறையாது.

தப்பினது ஒண்ணு உண்டு. 'மார்த்தாண்ட வர்மா', 1933. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரிச்சு, பி.வி. ராவ் இயக்கினது. சி.வி. ராமன் பிள்ளையோட நாவல். திருவனந்தபுரத்துல ரிலீஸ் ஆன கையோட, நாவலை வெளியிட்ட கமலாலயா புத்தகக் கடைக்காரங்க எங்க உரிமை இதுன்னு கேஸ் போட, படம் நின்னுபோச்சு. பிரிண்ட் கடைக்காரங்க கைக்குப் போய் அங்கயே கிடந்து, 1974ல தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கிடைச்சது. ஓடி இருந்தா தேய்ஞ்சு, வெள்ளிக்கு உருக்கி, முடிஞ்சிருக்கும். ஓடாததால இருக்கு. தயாரிப்பாளர் பாவம், நஷ்டம் அவருக்கு, லாபம் நமக்கு.

போன வாரம் ஆபரேட்டர் மாமாவுக்குப் போன் போட்டு டாசன் கதையை முழுசா சொன்னேன். எங்க ஊர் தியேட்டர் இப்ப இல்ல, இருந்த இடத்துல உரக் கிடங்கு. பொறுமையா கேட்டுட்டு, "அந்த வங்கிக்காரர் மேல ஏதும் கேஸ் ஆச்சா?"ன்னார். இல்ல மாமான்னேன்.

"நம்ம கொட்டாயில படம் எதுவும் தங்காது மாப்ள. ஸ்லைடு கண்ணாடிதான் நம்மளது. ஜவுளிக்கடை, சைக்கிள் கடை, தையல்கடைன்னு கையால எழுதினது. கடையை மூடிட்டாங்கன்னா கழுவிட்டு அடுத்த கடை பேரை எழுதுவோம்."

"எல்லாத்தையும் கழுவிட்டீங்களா மாமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அத்தைகிட்ட என்னவோ கேட்டார். அப்புறம் லைனுக்கு வந்து, "பரண்ல ஒரு டிரங்குப் பொட்டி கிடக்குது. மேல பாத்திரமா கிடக்கு, எனக்கு முட்டி வலி, ஏற முடியாது. பொங்கலுக்கு வர்றேல்ல, வரும்போது நல்ல டார்ச் லைட்டா ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னார்.

டார்ச் லைட் வாங்கிட்டேன்.